ஓரத்து நாற்காலி

"இந்த அட்டையை இங்க வச்ச முட்டாள் யாரு?"

தூதர் கத்திய கத்தலில் விருந்துக்கு வந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தூதரகம் இருந்த அந்த வெளிநாட்டின் பாதுகாப்பு அமைச்சருடைய பெயர் அட்டை, கதவோரத்துக் கடைசி நாற்காலிக்கு முன்னால் இருந்தது. தூதரின் வலப்பக்கம் இருக்க வேண்டிய அட்டை. அங்கே யாரோ ஒரு பள்ளித் தலைமையாசிரியையின் பெயர்.

"பரவாயில்லை, இங்க காத்து நல்லா வருது" என்று அமைச்சர் சிரித்தார்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். தூதர் விடவில்லை.

"மூன்றாம் செயலர் எங்கே?"

விருந்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று பார்ப்பது அவன் வேலை. முன்னால் வந்து நின்றான்.

"சரியாத்தான் வச்சேன் சார்."

"அப்போ என் கண்ணு பொய் சொல்லுதா? நாளைக்குக் காலைல விமானம் ஏறு. பெண்டாட்டி, பிள்ளையோட. இந்தப் பக்கம் திரும்பி வராதே."

அத்தனை பேர் முன்னால். வேலைக்காரர்கள், வெளிநாட்டுக்காரர்கள், எல்லார் முன்னாலும்.

மகன் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்த அவன் மனைவிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குரலே உயர்த்தாத மனுஷர் என்றல்லவா பேர் இந்தத் தூதருக்கு? வாயைத் திறந்தால் கிண்டல்தான். "தேசப் பாதுகாப்புன்னா பெரிய பூட்டும்மா. சாவி யார்கிட்டன்னு பூட்டினவனுக்கே தெரியாது" என்பார். "என் பேத்தி தும்மினாக்கூட நாலு நாட்டு உளவுத்துறை உக்காந்து அர்த்தம் தேடும்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவன்மேல் பாய்ந்தாள்.

"அட்டைக்கு என்ன, கால் முளைச்சு நடந்து போச்சா?"

"சத்தியமா சரியா வச்சேன். ஊரே நம்பலைன்னாலும் பரவாயில்லை, நீ நம்பு."

அவன் குரல் உடைந்தது. அதைக் கேட்டதும் அவள் கோபம் திசை மாறியது. பெட்டியைப் பாதியில் போட்டுவிட்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே தூதர் வீட்டுக்குப் போனாள்.

அவர் தோட்டத்தில் பேத்தியை ஊஞ்சலில் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. பெட்டி கட்டியாச்சா?"

"ஒரு நாற்காலிக்காக ஒரு குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்துவீங்களா சார்?"

"நாற்காலிக்காக நாட்டையே நடுத்தெருவுல நிறுத்துறாங்க. அதுக்குப் பேருதானே அரசியல்?"

"விளையாடாதீங்க. அந்த அமைச்சரே பரவாயில்லைன்னுட்டார்."

"அவர் பரவாயில்லைன்னு சொன்னாத்தான் எனக்கு வயித்தைக் கலக்கும்."

"இனிமே என் வீட்டுக்காரரை யார் மதிப்பாங்க? குழந்தைக்கு வேற இப்பதான் சளி விட்டிருக்கு…"

"விமானம் கிளம்பும்போது குடிக்க ஏதாவது கொடு. காது அடைக்காது."

"உங்க வைத்தியம் யாருக்கு வேணும்? ஒரு வாரம் அவகாசம் கொடுங்க. மரியாதையா கிளம்பறோம்."

அவர் முகத்தில் இருந்த கிண்டல் சட்டென்று காணாமல் போனது.

"ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. காலைல போயே ஆகணும்."

கான்வென்டில் கற்ற மரியாதையெல்லாம் பறந்தது.

"உங்க பேத்தியை யாராவது இப்படிக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளினா அப்பத் தெரியும் உங்களுக்கு!"

அவர் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தினார்.

"என் பேத்தியை இங்கேருந்து யாராலயும் அனுப்ப முடியாதும்மா."

திமிர். என்ன ஒரு திமிர்! அவள் வெடுக்கென்று திரும்பினாள். பேத்தி பின்னாலிருந்து "டாட்டா" என்றது. குட்டி பதிலுக்குக் கையைத் தூக்கினான். அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

விமானத்தில் வழி முழுக்கத் திட்டித் தீர்த்தாள். "யாராலயும் அனுப்ப முடியாதாம்! ராஜ வம்சம் பாருங்க!" கணவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சொந்த நாட்டில் இறங்கிப் பெட்டிக்காக நின்றபோது, டிவிக்குக் கீழே ஒரே கூட்டம்.

திரையில் ஒரு விமான நிலையம். ஓடுபாதை நெடுகப் புகை. காலையில் அவர்கள் ஏறிய அதே ஓடுபாதை. போர் தொடங்கிவிட்டது, இனி எந்த விமானமும் வெளியேற வழியில்லை என்றது செய்தி.

அவள் குட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"நான் அட்டை வச்சதுக்கு அப்புறம் அந்த அறைக்குள்ள போனது ஒரே ஆள்தான்" என்றான் கணவன் மெல்ல. "தூதர்."

"அவரா மாத்தினார்? ஏன்? 'ஆபத்து, கிளம்புங்க'ன்னு நேரா சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லி அனுப்பினா, போர் வரப்போறது நமக்குத் தெரியும்னு அந்த அமைச்சர் மோப்பம் பிடிச்சிருப்பார். தண்டனைன்னா யாருக்கும் சந்தேகம் வராது. அவர் கண்ணு முன்னாடியே நடந்ததாச்சே. தூதரகத்துல சின்னக் குழந்தை இருந்த வீடு ரெண்டுதான். நம்ம வீடு, அவர் வீடு."

திரையில் இப்போது தூதரக வாசல். பயந்து ஓடிவந்த மக்களைத் தூதர் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் தோளில் பேத்தி. அது கேமராவைப் பார்த்துக் கையாட்டியது.

குட்டியும் கையாட்டினான். இந்த முறை அவள் தடுக்கவில்லை.

"பாவி மனுஷா!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். கூட்டமே திரும்பிப் பார்த்தது. "அந்தக் குழந்தையையும் எங்ககூட அனுப்பியிருக்கக் கூடாதா? நான் பார்த்துக்க மாட்டேனா?"

"தும்மினாலே அர்த்தம் தேடுறவங்க, அவ விமானம் ஏறினா விடுவாங்களா? அதைத்தான் உன்கிட்ட சொன்னாரே, யாராலயும் அனுப்ப முடியாதுன்னு" என்றான் கணவன். "நீதான் அதைத் திமிர்னு சொன்னே."