டிக்கெட் இல்லாத அரக்கன்

அரக்கனைப் பாதிப் படத்தில் இறக்கிவிட்டாள் என் பேத்தி, இனி அவன் அந்தப் படத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டான் என்று பெரியவர் அறிவித்தார்.

மொட்டைமாடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை மார்போடு அணைத்தபடி நின்ற மருமகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ரீல் விடாதீங்க, மாமா."

ரீலாம்! வேலையில் இருந்த காலமெல்லாம் ஓடும் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர் அவர். அடுத்தவர்கள் விட்ட ரீலைக் கேட்டே காது தேய்ந்தவர். சொந்தமாக வேறு ஒன்று விடவேண்டுமா?

அந்த வீட்டில் ஞாயிறு மதியம் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். எல்லாரும் என்றால், பேத்தி கடுகும் அவளுக்குக் காவலாகப் பெரியவரும் நீங்கலாக.

எந்தப் படத்துக்குக் குழந்தை தயார் என்று தீர்ப்புச் சொல்வது மருமகள். பல் டாக்டர். அவள் சொன்னால் ஊரே வாயைத் திறக்கும். கடுகு விஷயத்தில் மட்டும் யாரும் வாயைத் திறக்க முடியாது.

கத்தி, ரத்தம் கூடாது என்றால் நியாயம். அவளோ பசுமாடு நடனமாடும் படத்தையும் கூடாது என்றாள். திமிங்கலம் பாட்டுப் பாடும் படத்தையும். கேட்டால், "அது ரொம்பப் பெருசா இருக்கு, மாமா."

ஆக, கடுகு பிறந்ததிலிருந்து பெரியவர் ஒரு படத்தின் முடிவையும் பார்த்ததில்லை.

பின்னறையில் கடுகோடு விளையாட்டு மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டே, சுவருக்கு அந்தப் பக்கம் வரும் சத்தத்தை வைத்துக் குத்துமதிப்பாக அழுதுகொள்வார். போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு விக்கி விக்கி அழுதுவிட்டார்.

அதனால்தான் இன்றைக்கு மருமகள் மாடிக்குப் போன நேரம் பார்த்து, கடுகைத் தோளில் தூக்கிவந்து கூடத்தில் உட்காரவைத்தார். மகன் சோபாவில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

திரையில் அரக்கன் வந்தான்.

தலை மேகத்தில் இடித்தது. பல் ஒவ்வொன்றும் பீரோ கதவு அகலம். ஒரு மிதிக்கு ஒரு தெருவின் கூரைகள் நொறுங்கின. ஊரே அலறி ஓடியது. பெரியவரும் சோபாவுக்குப் பின்னால் போனார். மூக்குக்கண்ணாடியைத் தேடத்தான் போனாராம். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

கடுகு எழுந்தாள். டவுசரை இழுத்துவிட்டுக்கொண்டாள். டிவிக்கு முன்னால் போய் நின்று, பின்னறையில் தினமும் தாத்தாவோடு ரயில் விளையாட்டு விளையாடும்போது செய்வதுபோலவே உள்ளங்கையை நீட்டினாள்.

"டிக்கெட்?"

தூக்கிய காலோடு அரக்கன் நின்றான்.

இடுப்பைத் தடவினான். கிரீடத்தைக் கழற்றி உள்ளே பார்த்தான். சிநேகிதன் கையில் இருக்கிறது, அவன் அடுத்த பெட்டியில் வருகிறான் என்பதுபோல் பின்பக்கம் கையைக் காட்டினான். அந்தக் கைகாட்டலைப் பெரியவர் எத்தனை ரயிலில் பார்த்திருப்பார்!

"இறங்கு."

இறங்கினான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, உடைந்த ஓடுகளை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து, திரையின் ஓரமாக வெளியேறினான்.

அதற்கப்புறம் அந்தப் படத்தில் யாருக்கும் வேலையில்லை. கதாநாயகன் தீட்டிவைத்த வாளால் வெள்ளரிக்காய் நறுக்கினான். ராணி கொட்டாவி விட்டாள். மருமகள் வந்து நின்றபோது ஊர்க்காரர்கள் கூரைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள், அதுவும் நல்ல நேர்த்தியாக.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் ரிமோட்டைப் பிடுங்கிப் படத்தை முதலிலிருந்து ஓட்டினாள்.

வெள்ளரிக்காய். கொட்டாவி. கூரை.

அரக்கனைக் காணோம். தெருப்புழுதியில் அவன் காலடித் தடங்கள் மட்டும் கிடந்தன, வெளியே போகிற திசையில்.

தீர்ப்பு என்னவென்று பெரியவருக்குத் தெரியும். பள்ளிக்கூடம் முடிக்கிறவரைக்கும் கடுகுக்குப் பின்னறைதான். அவள் முடிக்கிறவரைக்கும் அவருக்கும்.

மருமகள் துணிகளைக் கீழே போட்டாள். தூங்குகிற கணவனை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நடந்ததுதான், மாமா. இவ போகத்தான் சொல்றா, அது தேவலை. நான் இந்த வயசுல வரச் சொல்லிட்டேன். படத்துல வந்த ஒரு வெள்ளைக் குதிரையை. எங்க பால்கனியிலயே நின்னுச்சு. அதைப் படியில இறக்கறதுக்குள்ள எங்கப்பாவுக்கு இடுப்பே போயிடுச்சு."

கடுகு தாத்தாவின் மடியில் ஏறிக்கொண்டாள்.

"அடுத்த வாரத்துலேருந்து ரெண்டு பேரும் இங்கயே உட்காருங்க," என்றாள் மருமகள். "யானை வர்ற படம் மட்டும் வேண்டாம். நம்ம வீடு மூணாவது மாடி."