ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தட்டு

லேக் மார்க்கெட் பக்கத்து மூன்றாம் மாடி வீட்டில், சாப்பாட்டு மேசைமேல் அந்தப் பழைய கீபோர்டு திறந்து கிடக்கிறது. மாதவ் அதன் உள்பக்கத்தில் கட்டைவிரல் பருமனுள்ள சொலினாய்டு என்ற மின்காந்தச் சுருளைத் திருகி முடுக்குகிறான். ஒவ்வோர் எழுத்து பதிவாகும்போதும் அதற்குள்ளிருக்கும் இரும்புக் குச்சி ஒரு தட்டுத் தட்டும். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு அவன் மனைவி மதுவந்திக்கு விரல் நுனிகள் மரத்துவிட்டன. கீயை அழுத்தினோமா இல்லையா என்றே தெரிவதில்லை. மொழிபெயர்ப்பு வேலையைத் தொட்டு நாலு மாதமாகிறது.

"எரிஞ்சு கிரிஞ்சு போயிடப் போறது, மாதவ்."

அவனுக்கும் அதே பயம்தான். ஒயர்களை மூன்றாம் முறையாகச் சரிபார்த்துவிட்டு, கேபிளைச் செருகி ஒரு கீயைத் தட்டுகிறான். டொக். மேசை லேசாக அதிர்கிறது.

மதுவந்தி உட்கார்ந்து விரலை வைக்கிறாள். சத்தமில்லை. கீழே ஆட்டோக்காரர் "கரியாஹாட், கரியாஹாட்" என்று பயணிகளைக் கூவி அழைப்பது மட்டும் கேட்கிறது.

"வேலை செய்யலையே?"

அவள் விரல் கீயின்மேல் வெறுமனே படிந்திருப்பதை அவன் பார்க்கிறான். ஒயர் லூஸ் என்று பொய் சொல்லிவிடலாமா என்று தோன்றுகிறது.

"இன்னும் கொஞ்சம் அழுத்து, மது."

"நான் அழுத்தலையா?"

அவன் இல்லையென்று தலையாட்டுகிறான். அவள் தன் விரலையே சற்று நேரம் பார்க்கிறாள், யாருடையதோ போல. பிறகு தோளிலிருந்து பலத்தைத் திரட்டி அழுத்துகிறாள். டொக்.

"உள்ளங்கையில தெரியறது," என்கிறாள், நிமிராமலே.

அடுத்த எழுத்தைத் தேடி விரல் நகர்கிறது. மாதவ் அடுத்த தட்டுக்காகக் காத்து நிற்கிறான்.