ஒளித்து வைத்த பிழை

"இவ பாஸ் பண்ணிட்டா, பேந்து எங்களை ஆர் கூப்பிடப்போகினம், பிள்ளை?" திருத்தும் பகுதி றஜிந்தன் அண்ணை றெஜினாவின் காதுக்குள் முணுமுணுத்தார்.

றெஜினாவின் கண் முழுக்க மிரேய் மேல் இருந்தது.

மொன்றியல் புவாண்ட்-கிளேர் பட்டறையின் நடுவில், மரவள்ளியை உலர்த்தி மாவாக்கும் அந்த இயந்திரம் ஆனை மாதிரிப் படுத்துக் கிடந்தது. வாங்கியது ஆபிரிக்காவின் காபோனில் ஒரு புதுத் தொழிற்சாலை. எண்ணெய் விற்ற காசில் கோதுமை மா வாங்கித் தின்றது போதும், இனி எங்கள் மரவள்ளியை நாங்களே அரைப்போம் என்று புறப்பட்டவர்கள். இயந்திரத்தைப் பழகி வரத்தான் மிரேயை அனுப்பியிருந்தார்கள். பழக்கியது றெஜினா.

மிரேய் றெஜினாவை விட மூத்தவள். எண்ணெய்க் கம்பனியின் கொழுத்த சம்பளத்தை உதறிவிட்டு மரவள்ளிக்கு வந்த பொறியியலாளர். அந்தத் துணிச்சல் றெஜினாவுக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று.

ஒப்பந்தம் இதுதான். கடைசி நாளில், பழக்கியவர் இயந்திரத்தில் ஒரு பிழையை ஒளித்து வைப்பார். பழகியவர் தனியே கண்டுபிடித்து ஓடவிட்டால், அதன் நிரலைத் திறக்கும் கடவுச்சொல் அவர் கைக்குப் போகும். முடியாவிட்டால் பூட்டு மொன்றியலிலேயே இருக்கும். அங்கே ஓர் ஆணி கழன்றாலும் றஜிந்தன் அண்ணையின் திருத்தும் பகுதிதான் விமானம் ஏறிப் போகவேண்டும்.

இன்று அந்தக் கடைசி நாள். றெஜினா மாற்றி வைத்திருந்த வெப்பமானி வயர்களை மிரேய் கண்டுபிடித்துச் சரியாக்கினாள். றெஜினாவுக்கு உச்சி குளிர்ந்தது.

மிரேய் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. சூடு ஏறவில்லை.

றெஜினாவுக்குத் திக்கென்றது. ஐயோ மாதாவே, இதென்ன!

வாசல் நிலையில் சாய்ந்திருந்த றஜிந்தன் அண்ணை பெருமூச்சு விட்டார். கவலைப்படுகிறாராம்.

மிரேய் பதறவில்லை. இயந்திரத்தை மெல்லச் சுற்றி வந்தாள். காது வைத்துக் கேட்டாள். காற்று வரும் வாயில் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு விசிறியை நிறுத்தி, தோள்வரை கையை உள்ளே விட்டு, ஒரு சிவப்புத் துணிப் பந்தை உருவி எடுத்தாள்.

திருத்தும் பகுதி ஆட்கள் கை துடைக்கிற துணி அது.

மறுபடி பொத்தானை அழுத்தினாள். சூடான காற்று பட்டறை முழுக்க வீசியது. என்ன பொம்பிளையப்பா இவள்! றெஜினாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மெர்சி, றெஜினா," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள் மிரேய். "முதல் பிழை லேசு. இரண்டாவதைத்தான் கெட்டித்தனமாக ஒளித்து வைத்தீர்கள். ஊருக்குப் போய் என் ஆட்களுக்கும் இதே இரண்டையும் வைக்கப்போகிறேன்."

றெஜினா வைத்தது ஒரு பிழைதான்.

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். றஜிந்தன் அண்ணைக்கு அந்த நேரம் பார்த்துச் சப்பாத்து நூல் அவிழ்ந்துவிட்டது. குனிந்தவர் நிமிரவேயில்லை.

அவருக்கும் நன்றாகக் கேட்கட்டுமென்று, றெஜினா கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாக உரத்துச் சொன்னாள்.