குலுங்கிப் பார்த்த பால்

பனி கொட்டும் ஒரு தேசத்தில், வெதுவெதுப்பான பால் ஒன்று கிண்ணத்துக்குள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் கடைத் தயிரை உறை ஊற்றிய இரண்டு பால்கள், உறையாமல் நாறிப்போய்த் தொட்டியில் கொட்டப்பட்டிருந்தன. அந்தத் தயிரில் உயிரே இல்லையாம். அதனால் இந்தத் தடவை அந்த வீட்டில் இருந்த ஜெசிந்தா நாலைந்து பச்சை மிளகாய்க் காம்புகளைக் கிள்ளிப் போட்டு, கிண்ணத்தைச் சால்வையால் சுற்றி, ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

"நீயா என்னைத் தயிராக்கப் போறே?" என்றது பால்.

"ஏன், ஆள் ஒல்லியா இருக்கேனா?" என்றது மேலே மிதந்த காம்பு.

கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் பால் தன்னைக் குலுக்கிப் பார்த்தது. "இறுகிட்டேனா?"

"இறுக வந்ததை இப்பத்தான் கலைச்சே, மகராசி!"

"பயமா இருக்கே. பார்க்காம எப்படி இருக்கறது?"

"ஆடாம ஏதாவது பேசு. உன் மாடு எப்படி? சொல்லு, கேட்போம்."

பால் சொல்ல ஆரம்பித்தது. மாட்டின் நெற்றியில் இருந்த கறுப்புத் திட்டு, அது வைக்கோலை மெல்லும் சத்தம், பக்கத்துக் கொட்டில் மாட்டோடு அதற்கிருந்த தீராத சண்டை என்று கதை நீண்டுகொண்டே போனது.

சாயங்காலம் சால்வை விலகி வெளிச்சம் விழுந்ததும் பாலுக்குப் பகீரென்றது. அவசரமாகக் குலுங்கிப் பார்க்கப் போனது. உடம்பு அசையவில்லை.

"ஐயையோ, எனக்கு என்னமோ ஆயிடுச்சே!" என்று அலறியது தயிர்.