ஒட்டுவாரொட்டி

வளர்மதி குடித்து மீதி வைத்த கஞ்சியை எடுத்து மூத்த மருமகள் தன் வாயில் ஊற்றிக்கொண்டாள்.

ஒரே மடக்கு. யாரும் பார்க்கவில்லை.

கொழுந்தன் மனைவி வளர்மதிக்குப் பொன்னுக்கு வீங்கி. இரண்டு தாடையும் பொம்மென்று வீங்கிக் கிடந்தன. கழுத்தில் தங்கம் கிடந்தால் வீக்கம் வடியும் என்று அத்தை தன் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றி, தன் கையாலேயே அவளுக்குப் போட்டுவிட்டாள்.

குளிக்கும்போதுகூடக் கழற்றாத சங்கிலி.

மூத்த மருமகள் வந்து பதினோரு வருடம். வளர்மதி வந்து எட்டே மாதம். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

“கிட்டப் போகாத. ஒட்டுவாரொட்டி அது” என்றிருந்தாள் அத்தை.

அத்தைக்கு எல்லாமே ஒட்டுவாரொட்டிதான். கண்வலி, கொட்டாவி, பக்கத்து வீட்டுக்காரியின் சோம்பல். கல்யாணமான புதிதில் மூத்தவள் அத்தையின் பின்னாலேயே அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடந்தாள். அவளையும் அப்படித்தான் சொன்னாள் அத்தை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அன்றோடு பின்னால் போவதை மூத்தவள் நிறுத்திவிட்டாள்.

வளர்மதிக்கு ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. சங்கிலி மட்டும் கழுத்தை விட்டு இறங்கவில்லை. அத்தை திருப்பிக் கேட்கவும் இல்லை.

கஞ்சி குடித்த பதினெட்டாம் நாள் காலை. இட்லியை மெல்லும்போது மூத்தவளுக்குக் காதுக்குக் கீழே சுருக்கென்றது.

கண்ணாடிக்கு ஓடினாள். வலது பக்கம் உப்பியிருந்தது. இத்தனை சந்தோஷமாக யாரும் நோயில் விழுந்திருக்க மாட்டார்கள்.

“அத்தை, எனக்கும் வந்துருச்சு.”

கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

அத்தை பார்த்தாள். தொட்டுப் பார்க்கவில்லை.

“தாலிச் சங்கிலி கெடக்குல்ல. அது போதும்.”

வளர்மதி கழுத்திலும் தாலிச் சங்கிலி கிடந்தது.

அறை வாசலில் நின்ற வளர்மதி இரட்டை வடத்தைக் கழற்றினாள்.

“ஒனக்குன்னு குடுத்தத எதுக்குக் கழட்டுற?” அத்தை அதட்டினாள்.

வளர்மதி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூத்தவளின் பின்னால் வந்து கொக்கியை மாட்டிவிட்டாள். சங்கிலி வெதுவெதுப்பாக இருந்தது.

“ஒங்களுக்கு வந்துரக் கூடாதுன்னுதானேக்கா நான் ரூம விட்டே வரல. அப்புறம் எப்படிக்கா ஒட்டுச்சு?”

கேட்கும்போதே வளர்மதிக்கு அழுகை வந்துவிட்டது.

தாடை வலிக்கிறது, பேச முடியாது என்று சைகை காட்டிவிட்டு மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.