புதன்கிழமைத் துணை

"என்னை விட்டா அந்தம்மாவுக்கு நாதியே கிடையாது" என்று கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார் லிஃப்ட்காரர். பின்னால் நின்று அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்த மகள், "ஆமாம்ப்பா" என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்த்தே தலை நரைத்தவர் அவர். மனைவி போன பிறகு வாசலைத் தாண்டாமல் சுவரையே வெறித்துக்கொண்டு கிடந்தார்.

"தனியா இருக்கிற பெரியவங்களோட வாரம் ஒருநாள் போய்ப் பேசிட்டு வர ஆள் வேணுமாம்ப்பா, ஒரு சங்கத்துல கேக்கறாங்க" என்று மகள் சொன்ன பிறகுதான் சவரம் செய்துகொண்டு எழுந்தார். அன்றிலிருந்து ஒரு புதன்கிழமை தவறியதில்லை. அந்தச் சேவைக்குத்தான் இன்றைக்குப் பாராட்டு விழா, பதக்கம் எல்லாம்.

சங்கம் அவரை அனுப்பியது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாள் வீட்டுக்கு. கதவைத் திறந்ததும் ஆரம்பிக்கும் பேச்சு, இவர் செருப்பை மாட்டும்வரை ஓயாது. மேல்வீட்டுக்காரரின் குறட்டை, பக்கத்து வீட்டுப் பூனையின் பிரசவம், தண்ணீர்க் குழாயில் வரும் விநோதச் சத்தம் என்று ஒன்று பாக்கி இருக்காது.

நடுநடுவே அந்த அம்மாளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். வெந்நீரை ஒரு மிடறு விழுங்கிவிட்டு, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டு இவர் முகத்தையே பார்ப்பார். இவர் "உம்" என்பார். அந்த அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டு மறுபடி தொடங்குவார்.

பாவம், வாரம் பூராவும் பேச ஆளில்லாமல் தேக்கிவைத்திருக்கிறார், அணை உடைந்த மாதிரி கொட்டுகிறார் என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொள்வார். காது புளித்தாலும் முகம் சுளித்ததில்லை.

விழா மண்டபத்தில் முன்வரிசை நிறைய நரைத்த தலைகள். தன் நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தவர் வாசல் பக்கம் திரும்பினார். பகீரென்றது. அந்த அம்மாள் புதுப்புடவை சரசரக்க உள்ளே வந்துகொண்டிருந்தார்!

தலையைக் குனிந்துகொண்டு ஒரே ஓட்டமாக மேடைக்குப் பின்னால் போனார். சங்கத்தின் செயலாளர், மகள் வயதுப் பெண், பதக்கங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, என் பேரைக் கூப்பிட்டுடாதே. அந்தம்மா வந்திருக்காங்க. ஏதோ சிநேகிதத்துல வர்றேன்னு நம்பிட்டிருக்காங்க. தொண்டுக்காக வந்தேன்னு மைக்கில சொன்னா மனசு உடைஞ்சு போயிடும். எனக்குப் பதக்கமே வேணாம்."

"சார், அது வந்து..." என்று அவள் இழுப்பதற்குள் படிக்கட்டில் புடவை சரசரத்தது. லிஃப்ட்காரர் சட்டென்று திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"செயலாளரம்மா! என் பேரைக் கூப்பிடாதீங்க, புண்ணியமாப் போகும்!" என்று மூச்சுவாங்க வந்து நின்றார் அந்த அம்மாள். "லிஃப்ட்காரர் வந்திருக்கார். வாசல்லேருந்தே அவர் முதுகைப் பாத்தேன். அவருக்காகத்தான் சங்கம் என்னைப் பேசச் சொல்லியிருக்குன்னு தெரிஞ்சா மனுஷன் நொறுங்கிப் போயிடுவார்."

திரை லேசாக ஆடியது.

"வீட்டுலயே அடைஞ்சு கிடக்கறார், உங்க வீட்டுக்கு வரவழைச்சுப் பேச்சுக் கொடுங்கன்னு சொன்னீங்க. நானும் மூச்சுவிடாமப் பேசிப் பாக்கறேன். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா என்ன? ஊமைக்கோட்டான்! சர்வீஸ் பூராவும் போன்ல பேசிப் பேசி, எனக்குப் பேச்சுன்னாலே வேப்பங்காய். ஆனா அந்தப் பச்சை மனசை நோகடிக்க மாட்டேன். பதக்கத்தை நீங்களே வெச்சுக்கங்க."

திரையை விலக்கிக்கொண்டு லிஃப்ட்காரர் வெளியே வந்தார். "அப்போ... அவ்வளவும் எனக்காகவா பேசினீங்க?"

அந்த அம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன், நீங்க?"

"நான் உங்களுக்காகத்தான் கேட்டுட்டிருந்தேன்."

"பூனை குட்டி போட்ட கதையையுமா?"

"அதை மூணு தடவை."

இருவரும் ஒரே நேரத்தில் செயலாளர் பக்கம் திரும்பினார்கள். அவள் பதக்கத் தட்டோடு நழுவப் பார்த்தாள். லிஃப்ட்காரர் வழியை மறித்தார்.

"என்னம்மா விளையாட்டு இது? எங்க ரெண்டு பேர்ல யாரு தொண்டர், யாரு துணையில்லாதவங்க?"

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றாள் அவள், அழாத குறையாக. "உங்களுக்குத் துணை வேணுமான்னு கேட்டா, 'எனக்கென்ன குறைச்சல்'னு எல்லாரும் முகத்துல அடிச்ச மாதிரி கதவைச் சாத்தறாங்க. இன்னொருத்தருக்குத் துணையாப் போறீங்களான்னு கேட்டாத்தான் கிளம்பி வர்றீங்க. உங்க பொண்ணுதான் முதல்ல வந்து யோசனை கேட்டாங்க."

லிஃப்ட்காரர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு தோளைக் குலுக்கியது. அவர் சிரித்து அந்த அம்மாள் பார்த்ததே இல்லை. "அட, இந்த வாய்க்குள்ள பல்லெல்லாம்கூட இருக்கே!" என்று அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மேடையில் விழா தொடங்கிவிட்டது. ஒரு முதியவர் பதக்கத்தை நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தழுதழுத்த குரலில் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்.

"சரிம்மா, நாங்கதான் ஏமாந்த சோணகிரிங்க. அவராவது நிஜமான தொண்டரா?" என்று உரக்கவே கேட்டுவிட்டார் லிஃப்ட்காரர்.

செயலாளர் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தாள்.

"ஐயோ, மெதுவா சார்! முன்வரிசையில ஒருத்தருக்குமே இன்னும் விஷயம் தெரியாது!"