கைக்கண்ணாடி

பிறப்புறுப்பின் இதழ்களைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்கான படிவத்தில், ‘என்ன தொந்தரவு’ என்ற இடத்தில் பூங்கோதை ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தாள். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“உட்காரும்போது, நடக்கும்போது வலி இருக்கா?”

“இல்லைங்க.”

“உரசிப் புண்ணாகுதா?”

“அதெல்லாம் இல்லைங்க.”

“அசிங்கம்னு எப்பப் பார்த்தீங்க?”

“நான் பார்த்ததில்லைங்க. வீட்டுக்காரர் சொன்னாருங்க.” பால் இன்னும் வரவில்லை என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். பன்னிரண்டு வருடத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னது இரண்டே முறை. இரண்டு முறையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

டாக்டரம்மா மேஜை டிராயரிலிருந்து ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். “வெட்டுறது அரை மணி நேர வேலை. வெட்டினதைத் திரும்ப வைக்க முடியாது. ஒரு தடவை பார்த்துட்டு வந்து சொல்லுங்க” என்று திரையை இழுத்துவிட்டார்.

கண்ணாடியில் முதலில் மின்விசிறி தெரிந்தது, பிறகு முழங்கால். அதற்கும் கீழே சாய்த்தபோது அவளுக்கு அருவருப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. காதுமடலைப் போல மடிந்து, அது தன் பாட்டுக்கு இருந்தது.

கைப்பையில் போன் அதிர்ந்தது. “என்ன, தேதி குடுத்துட்டாங்களா?” என்றார் வீட்டுக்காரர்.

“பாக்கறேங்க.”

எதைக் கேட்டாலும் அவள் சொல்கிற பதில்தான் அது. “சரி, சீக்கிரம் பாரு” என்று அவர் வைத்துவிட்டார்.

பூங்கோதை கண்ணாடியை வெளிச்சத்தின் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிப் பிடித்தாள்.